நெஞ்சுக்குழியில் நிற்கிற சாப்பாட்டுக்கு இஞ்சி: எப்போது, எவ்வளவு, எப்படி

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் வடக்குக் கடற்கரைக்குப் போகும் வழியில் 19 வருஷமாக மெஸ் நடத்துகிறேன். திங்கள், புதன், சனி எங்கள் பக்கம் விசைப்படகு கடலுக்குக் கிளம்பும் நாள். அன்றைக்கு விடியற்காலை 4 மணிக்கே அடுப்பு எரிய ஆரம்பித்துவிடும். மறுநாள் காலை படகு கரை சேர்ந்ததும் பையன்கள் நேராக இங்கேதான் வருவார்கள். ராத்திரி முழுக்க வலை இழுத்திருப்பார்கள், சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். வந்து உட்கார்ந்ததும் 8 பரோட்டாவும் கறிக்குழம்பும் ஒரே மூச்சில் உள்ளே போகும். அரை மணி நேரத்தில் அதே பையன் கல்லாவுக்கு வந்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கையை வைத்துக்கொண்டு, "அக்கா, சாப்ட்டது அப்படியே நெஞ்சுக்குழிக்குள்ள நிக்குதுக்கா. கொஞ்சம் இஞ்சி குடுங்க" என்பான்.

பல வருஷம் நான் அந்தச் சொல்லைக் கவனிக்கவே இல்லை. "நிக்குது" என்றவனுக்கும் இஞ்சி கொடுத்தேன், "எரியுது" என்றவனுக்கும் கொடுத்தேன், "பொரட்டுது" என்றவனுக்கும் கொடுத்தேன். சிலருக்குக் கேட்டது. சிலருக்கு இருந்ததைவிடக் கூடிப்போனது. என் மகள் பி.பார்ம் படித்து மதுரையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அவள் லீவில் வரும்போதெல்லாம் அடுப்படியில் உட்கார வைத்துக் கேட்டேன். அவளும் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துத் தமிழில் சொன்னாள். இந்த மூன்றும் மூன்று வேறு சங்கதி என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. நிற்பதற்கும் புரட்டுவதற்கும் இஞ்சி உதவும். எரிவதற்கு உதவாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது

இரைப்பை ஒரு சதைப் பை. சாப்பாடு விழுந்ததும் அதன் மேல்பாதி தளர்ந்து இடம் கொடுக்கும், கீழ்ப்பாதி பிசையும். நிமிஷத்துக்கு 3 தடவை ஓர் அலை மேலிருந்து கீழே ஓடிப்போய் அடியில் இருக்கும் வாசலில் முட்டும். அந்த வாசலை வலைக்கண் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குப் பொடியானதுதான் அதைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போகும். பெரிய துண்டு பின்னால் தள்ளப்பட்டு மறுபடி அரைபடும். அதனால்தான் கஞ்சி சீக்கிரம் இறங்கிவிடுகிறது, கறிச்சோறு இறங்க மூன்று நான்கு மணி நேரம் ஆகிறது.

எண்ணெய் இன்னொரு வேலை செய்யும். கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும், "மேலே இருப்பதை இப்போது அனுப்பாதே" என்று குடலிலிருந்து இரைப்பைக்குத் தகவல் போகும். இரைப்பை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஏற்பாடு. எண்ணெயில் புரட்டிய மைதாவும் ஆட்டுக் கொழுப்பும் ஒரே நேரத்தில் போய் விழுந்தால் "நிக்குது" என்று பையன் சொல்வதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. சாப்பாடு உண்மையிலேயே நிற்கிறது.

இஞ்சி இங்கேதான் வேலை செய்கிறது. இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற பொருள். 2008-இல் தைவானில் நோயில்லாத 24 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில் 1.2 கிராம் இஞ்சிப் பொடியை மாத்திரையாகக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து அரை லிட்டர் சூப் குடிக்க வைத்தார்கள். இன்னொரு நாள் அதே ஆட்களுக்கு இஞ்சி இல்லாத வெற்று மாத்திரை. சூப்பில் பாதி வயிற்றை விட்டு இறங்க, வெற்று மாத்திரையோடு சுமார் 27 நிமிஷம் ஆனது. இஞ்சியோடு 13 நிமிஷம். இரைப்பையின் கீழ்ப்பகுதி பிசையும் தடவைகளும் கூடியிருந்தன.

மகள் இதைச் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் அப்பத்தா சொன்னது அத்தனையும் சரி என்று நினைத்தேன். "இரும்மா, அடுத்ததையும் கேளு" என்றாள். 2011-இல் அதே தைவானில், நாள்பட்ட வயிற்றுக் கோளாறு உள்ள 11 பேருக்கு இதே மாதிரி செய்தார்கள். 16 நிமிஷம் 12 ஆகக் குறைந்தது. ஆனால் அவர்களுடைய உப்புசமும் அசௌகரியமும் குறைந்ததாகத் தெரியவில்லை. வயிறு சீக்கிரம் காலியாவதும், ஆளுக்குச் சுகமாக இருப்பதும் எப்போதும் ஒன்றாகவே வருவதில்லை. இஞ்சி தின்றும் மாசக்கணக்கில் தீராத மந்தம் உள்ளவர்கள் இன்னும் கொஞ்சம் இஞ்சி தின்று பார்க்கக் கூடாது, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. இஞ்சி செரிக்க வைக்கும் என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். அது முக்கியமாகச் செய்வது பிசைந்து தள்ள உதவுவது. மெல்லாமல் விழுங்கிய கறித்துண்டை இஞ்சி மென்று தராது.

சாப்பாட்டுக்கு முன்னால்

அந்த 24 பேரும் எப்போது இஞ்சி எடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். நானோ 8 பரோட்டாவும் உள்ளே போன பிறகு கொடுத்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டபின் கொடுத்தாலும் ஓர் ஏப்பம் வரும், நெஞ்சுக்குழி கொஞ்சம் லேசாகும், அதை மறுக்கவில்லை. ஆனால் வயிறு நிறைந்து முட்டியபின் வேலையாளைக் கூப்பிடுவதைவிட, முன்கூட்டியே வரச்சொல்லி வைப்பது மேல்.

இதற்கு நான் செய்துவைப்பது எலுமிச்சையில் ஊறவைத்த இஞ்சி. செய்முறை சுலபம்.

100 கிராம் இளம் இஞ்சி வாங்குங்கள். ஒடித்தால் 'சடக்' என்று ஒடிய வேண்டும், வளையக் கூடாது. ஒடித்த இடத்தில் நார் அதிகம் தெரிந்தால் அது முற்றல், அதைச் சுக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். தோலைக் கத்தியால் சீவாதீர்கள், சதை போய்விடும். ஸ்பூன் விளிம்பால் சுரண்டினால் தோல் மட்டும் கழன்று வரும், கணுக்களின் இடுக்கிலும் ஸ்பூன் நுழையும். தீக்குச்சி கனத்துக்கு நறுக்கிக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, 3 எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து, ஒன்றரை டீஸ்பூன் உப்பு சேர்த்துக் குலுக்குங்கள். உப்பு நம் ஊரில் கிடைக்கும் கல்லுப்பையே பொடித்துப் போடலாம். மறுநாள் பார்த்தால் இளம் இஞ்சியாக இருந்தால் லேசாக ரோஸ் நிறம் ஏறியிருக்கும். அந்த நிறத்தைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் சந்தோஷம். ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும்.

அளவு: 1.2 கிராம் பொடி என்பது கிட்டத்தட்ட 6 கிராம் பச்சை இஞ்சி. பச்சை இஞ்சியில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர், அதனால் இந்தக் கணக்கு. கண்ணால் பார்த்துச் சொல்வதானால் உங்கள் ஆள்காட்டி விரலின் நுனிக் கணு அளவு துண்டு. அதை மெதுவாக மென்று விழுங்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு இது போதும், ஒரு நாளில் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம்.

மெஸ்ஸில் யார் ஒரு மணி நேரம் முன்னால் வந்து உட்காருவார்கள்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். படகு வந்ததும் படகுத் துறைக்கு டீ கேன் கொண்டுபோகும் பையனிடம் ஒரு எவர்சில்வர் டப்பாவில் இந்த இஞ்சியையும் கொடுத்து அனுப்புகிறேன். மீனை இறக்கி, ரகம் பிரித்து, ஐஸ் போட்டு, எடை பார்த்து முடிக்க முக்கால் மணி நேரத்துக்குமேல் ஆகிவிடும். டீ குடிக்கிற நேரத்தில் மேலே சொன்ன அளவு இஞ்சி. குளித்துவிட்டு இங்கே வரும்போது வயிறு தயாராக இருக்கும். இப்படி ஆரம்பித்த பிறகு கல்லாவில் வந்து நெஞ்சுக்குழியைத் தடவுகிற ஆட்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். பரோட்டா எண்ணிக்கையையும் 8-இலிருந்து 5-க்கு இறக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். அதற்கும் இதில் பங்கு உண்டு, முழுப் பெயரையும் இஞ்சிக்குக் கொடுக்க மாட்டேன்.

கீழக்கரையில் எனக்கு ஒரு லாத்தா, அதாவது முஸ்லிம் வீட்டு அக்கா, இருக்கிறார். நோன்பு மாதத்தில் அவர் வீட்டுக்குப் போகும்போது ஒன்றைக் கவனித்தேன். நோன்பு திறக்க முதலில் பேரீச்சம்பழம், அப்புறம் நோன்புக் கஞ்சி. இஞ்சி, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பால் எல்லாம் போட்டுக் குழையக் காய்ச்சியது. குடித்துவிட்டு மஃரிப் என்ற அந்திநேரத் தொழுகைக்குப் போய்விடுகிறார்கள். திரும்பி வந்தபிறகுதான் கெட்டியான சாப்பாடு. கஞ்சியில் இஞ்சி கொஞ்சம்தான், ஆனாலும் முதலில் இறங்குவது நீர்மமாக, இளஞ்சூடாக, இஞ்சியோடு இருக்கிறது. நடுவில் ஓர் இடைவெளியும் கிடைக்கிறது. காய்ந்த வயிற்றை இப்படித்தான் எழுப்ப வேண்டும் என்று லாத்தா வீட்டில் கற்றுக்கொண்டேன். வீட்டில் ஏகாதசி, சஷ்டி என்று விரதம் இருப்பவர்களும் இதையே செய்யலாம்.

பச்சை இஞ்சியா, சுக்கா

காயும்போது ஜிஞ்சராலில் ஒரு பகுதி ஷோகால் என்ற வேறு பொருளாக மாறுகிறது. அதற்குக் காரம் இன்னும் அதிகம். சுக்கு தொண்டையில் சுள்ளென்று இறங்குவது அதனால்தான். சமைக்கும்போது வேறு மாதிரி: குழம்பில் கொதிக்கிற இஞ்சியின் காரம் தணிந்து வாசனையாகிவிடும். அதனால் பிரியாணியில் நிறைய இஞ்சி போட்டிருக்கிறோமே, அதுவே போதாதா என்று கேட்பவர்களுக்கு, போதாது என்பதே என் பதில்.

எனக்கு இரண்டும் வேண்டும். கரையில் சாப்பாட்டுக்கு முன் பச்சை இஞ்சி, கடலுக்குப் போகிறவர்களுக்குச் சுக்கு.

சுக்கை நானே காயவைக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு எல்லாம் கரையில் நிற்கும், மெஸ்ஸில் கூட்டம் இருக்காது, வெயில் மண்டையைப் பிளக்கும். எங்கள் மணல் மண்ணில் இஞ்சி விளையாது. மதுரை மார்க்கெட்டிலிருந்து முற்றிய இஞ்சியை மூட்டையாக வரவழைக்கிறேன். தோலைச் சுரண்டி, கழுவி, ஓலைப்பாயில் பரப்பி, எட்டுப் பத்து நாள் காயவைக்க வேண்டும். சாயங்காலம் கடற்காற்று ஈரத்தோடு வீசும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் மறந்தாலும் பூஞ்சை பிடிக்கும். காய்ந்ததற்கு அடையாளம்: இரண்டு துண்டைத் தட்டினால் மரத்துண்டு மாதிரி சத்தம் வரும். 5 கிலோ போட்டால் 1 கிலோதான் திரும்பக் கையில் வரும்.

கடையில் வாங்குவதானால், மேலே வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியது போல இருக்கிற சுக்கு உண்மையிலேயே சுண்ணாம்பு நீரில் முக்கியதுதான். பூச்சி வராமல் இருக்கவும் பார்வைக்கு வெளுப்பாக இருக்கவும் அப்படிச் செய்வார்கள். "சுக்குக்குப் புற நஞ்சு" என்று பெரியவர்கள் சொன்னபடி மேல்தோலைச் சுரண்டித் தள்ளிவிட்டு இடியுங்கள்.

இஞ்சிச் சாறு எடுத்து வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதையும் நஞ்சு என்பார்கள். அது மாவுச்சத்து, விஷமில்லை. ஆனாலும் நான் தெளிவை மட்டும் இறுத்துத்தான் எடுப்பேன். வண்டல் இல்லாத சாறு குடிக்க நன்றாக இருக்கிறது, அப்பத்தா கை பழக்கமும் போகவில்லை.

கடலில் புரட்டினால்

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். மண்டபத்தில் இரண்டு பக்கமும் கடல். வடகடல் பாக் நீரிணை, தென்கடல் மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். வாடை அடிக்கும் மாதங்களில் வடகடலின் முறை. குருசடைத் தீவுக்குப் படகில் போகிறவர்கள் கரையில் சிரித்துக்கொண்டு ஏறுவார்கள், பத்து நிமிஷத்தில் முகம் வெளுத்துவிடும்.

படகு ஆடுவதைக் காது உணர்கிறது, கண்ணோ பக்கத்தில் இருக்கும் பலகை அசையாமல் இருப்பதைப் பார்க்கிறது. இரண்டு தகவலும் மூளையில் மோதுகின்றன. அப்போது இரைப்பையின் தாளம் கெடுகிறது. நிமிஷத்துக்கு 3 என்று சீராக ஓடிய அலை தாறுமாறாக 4, 5, அதற்கு மேலும் துடிக்க ஆரம்பிக்கும். துடிப்பு கூடுகிறது, ஆனால் பிசைதல் நடப்பதில்லை, சாப்பாடு இறங்காது. வாயில் எச்சில் ஊறும், நெற்றியில் சில்லென்று வேர்க்கும், அப்புறம் ஓங்கரிப்பு. 2003-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சுழலும் கோடுகளுக்கு நடுவே ஆட்களை உட்கார வைத்துக் குமட்டலை வரவழைத்தார்கள். முன்கூட்டியே 1 கிராம் அல்லது 2 கிராம் இஞ்சிப் பொடி எடுத்தவர்களுக்கு இந்தத் தாளக் கோளாறும் குமட்டலும் குறைந்தன.

அதற்கும் முன்னால், 1988-இல் வெளியான டென்மார்க் ஆராய்ச்சி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கடற்படையில் புதிதாகச் சேர்ந்த 80 பயிற்சி மாலுமிகளை நடுக்கடலில் வைத்தே பார்த்தார்கள். பாதிப் பேருக்கு 1 கிராம் இஞ்சிப் பொடி. அவர்களுக்கு வாந்தியும் குளிர்ந்த வியர்வையும் தெளிவாகக் குறைந்தன. தலைசுற்றலும் குமட்டலும் கொஞ்சம்தான் குறைந்தன, அதைப் பெரிதாகச் சொல்ல முடியாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். எங்கள் அனுபவமும் அச்சு அசல் இதுதான். என் கொழுந்தன் மகன் முதல் தடவை கடலுக்குப் போய்விட்டு வந்து, "பெரியம்மா, தல சுத்திச்சு. ஆனா வாந்தி எடுக்கல" என்றான். அவன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும். முதல் நாளே வாந்தி எடுத்தால் கூட வந்தவர்கள் வருஷக்கணக்கில் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

செய்யும் முறை:

படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அரை டீஸ்பூன் சுக்குப் பொடி. தலைதட்டி எடுத்தால் அது சுமார் 1 கிராம். ஒரு டம்ளர் இளஞ்சூடான தண்ணீரில் போட்டு, கருப்பட்டி ஒரு துண்டு கரைத்துக் குடியுங்கள். வெறும் வயிற்றில் ஏறாதீர்கள், வயிறு முட்டவும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி, அல்லது ஒரு கிண்ணம் கஞ்சி. பூரிக் கிழங்கு சாப்பிட்டுவிட்டுப் படகில் ஏறுகிறவர்களை நான் கை பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

கையில் ஒரு சுக்குத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். கொட்டைப்பாக்கில் பாதி அளவு. மேல்தோல் சுரண்டியது. வாயில் கடைவாய் ஓரம் ஒதுக்கி வைத்துக்கொண்டால் எச்சிலில் ஊறி மெதுவாகக் காரம் இறங்கும். என் மாமனார் இப்படித்தான் ஒரு துண்டை வெற்றிலைப் பையில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போவார், முப்பது வருஷத்துக்கு மேல்.

படகில் டீசல் புகை அடிக்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, வானமும் கடலும் சேரும் கோட்டைப் பாருங்கள். போனைக் குனிந்து பார்க்காதீர்கள். வாந்தி ஆரம்பித்துவிட்டால் சுக்கை விழுங்கிப் பயனில்லை, அது உள்ளே தங்காது. தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள்.

மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது, வலை இழுக்க முடியவில்லை என்று சொல்கிற பையன்களுக்குச் சுக்கு நல்ல துணை. ரொம்ப மோசமாகப் படுத்துகிறவர்களுக்கு மாத்திரையே மேல். அவர்கள் சுக்கை நம்பி நடுக்கடலில் அவதிப்பட வேண்டாம்.

"எரியுது" என்றால் கொடுக்காதீர்கள்

நெஞ்சு கரிக்கிறது, புளித்த தண்ணீர் எதுக்களிக்கிறது, பசித்தால் வயிறு காந்துகிறது என்பவர்களுக்கு இஞ்சி ஆகாது. இஞ்சி அதிகமானால் வரும் முதல் தொல்லையே நெஞ்செரிச்சல்தான். புண் உள்ள இடத்தில் காரம் போய் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. "காலை இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலை கடுக்காய்" என்ற பாட்டை நம்பி, வெறும் வயிற்றில் அரை டம்ளர் இஞ்சிச் சாறு குடித்துவிட்டுச் சுருண்டு படுத்தவர்களை எனக்குத் தெரியும். பாட்டைக் குறை சொல்லவில்லை. பாட்டில் அரை டம்ளர் என்று எங்கே இருக்கிறது?

அடுத்து சொல்வதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். ஆறு வருஷம் முன்னால், ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். வாடிக்கையாக வரும் மீன் லாரி டிரைவர், ஐம்பது வயசு, பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். "வாயுப் பிடிச்சிருச்சு தங்கச்சி, இஞ்சித் தண்ணி இருந்தா குடும்மா" என்றார். நானும் கொடுத்தேன். சோடாவும் கொடுத்தேன். நெஞ்சை நீவிவிட்டார், பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் அடுத்த மேஜைக்குச் சோறு போடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் சட்டை முழுக்க நனைந்திருக்கிறது. ஃபேன் ஓடுகிறது, டிசம்பர் மாதம், அவருக்கு மட்டும் அப்படி வேர்க்கிறது. இடது தாடை வலிக்கிறது என்றார். அப்போதுதான் 108-க்குப் போன் போட்டோம். ராமநாதபுரம் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். அது மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், இன்றைக்கும் வந்து சாப்பிடுகிறார். ஆனால் இஞ்சித் தண்ணீரில் போன அந்த இருபது நிமிஷத்தை நான் மறக்கவே இல்லை.

ஆகவே நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தம், அதோடு வியர்வை, மூச்சு வாங்குதல், கை, தாடை, முதுகு என்று வலி பரவுதல், இதில் எது இருந்தாலும் இஞ்சியைத் தேடாதீர்கள். முதலில் 108. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் குமட்டலாகவும் வேர்வையாகவும் மாரடைப்பு வரலாம், அவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும்.

கேட்டுவிட்டு எடுக்க வேண்டியவர்கள்

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பித்தப்பையில் கல் இருப்பவர்கள், ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் மருந்தளவில் இஞ்சி எடுக்க வேண்டாம். சமையலில் போடுவது வேறு.

மசக்கை வாந்திக்கு இஞ்சி உதவுகிறது என்று பல ஆராய்ச்சிகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு மொத்தம் 1 கிராம் பொடி என்ற கணக்கைப் பிரித்துப் பிரித்து எடுப்பார்கள். ஆனாலும் உங்களைப் பார்க்கும் நர்ஸம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

சர்க்கரை பல வருஷம் கட்டுப்படாமல் இருந்தால் இரைப்பையை இயக்கும் நரம்பு பழுதாகி, சாப்பாடு மணிக்கணக்கில் இறங்காமல் நிற்கும். இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்தது போல இருக்கும், நேற்றுச் சாப்பிட்டது வாந்தியில் வரும். இதற்கு முறையான மருத்துவம் வேண்டும். அவர்களுக்குக் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பியும் சர்க்கரைதான், கருப்பட்டி என்பதால் கணக்கில் இல்லை என்று நினைக்க வேண்டாம்.

பச்சைக் குழந்தைக்குச் சுக்கு, வசம்பு இழைத்து உரைமருந்து கொடுப்பது எங்கள் பக்கம் பழக்கம். எனக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வதைக் கேட்டு, என் பேத்திக்கு நான் உரைகல்லை எடுக்கவில்லை.

சுக்கு மல்லிக் காப்பிப் பொடி

இதைக் கேட்காத ஆள் இல்லை, அதனால் என் அளவைக் கொடுத்துவிடுகிறேன். கொத்தமல்லி விதை 200 கிராம், தோல் சுரண்டிய சுக்கு 100 கிராம், மிளகு 20 கிராம், ஏலக்காய் 8. மல்லியை மட்டும் வாசம் வரும் வரை வெறும் சட்டியில் வறுங்கள். சுக்கை வறுக்க வேண்டாம், உலக்கையில் நசுக்கிவிட்டு மிக்ஸியில் போடுங்கள், முழுசாகப் போட்டால் பிளேடு போய்விடும். நார் திரண்டு வரும், சலித்து எடுத்துவிடுங்கள்.

கருப்பட்டி சாயல்குடிப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து எனக்கு வருகிறது. நல்ல கருப்பட்டியிலும் மணல் இருக்கும். முதலில் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டிவிட்டு, அப்புறம் அந்தத் தண்ணீரில் பொடியைப் போடுங்கள். ஒரு டம்ளருக்கு ஒன்றரை டீஸ்பூன் பொடி போட்டால் அதில் கிட்டத்தட்ட 1 கிராம் சுக்கு இருக்கும். மூன்று நிமிஷம் கொதித்தால் போதும். பால் ஊற்றினால் வயிறு கனத்துவிடும், ஊற்றாதீர்கள். கல்யாண வீட்டுக்குப் போகும் நாளில் கிளம்புவதற்கு முன் இதைக் குடித்துவிட்டுப் போவேன். அங்கே பந்திக்குக் காத்திருக்கும் நேரம் இதற்குச் சரியாக இருக்கும்.

கடலோரத்தில் பொடி சீக்கிரம் ஈரம் இழுத்துக் கட்டிக்கொள்ளும். ஒரு மாதத்துக்கு ஆகும் அளவு மட்டும் இடித்துக் கண்ணாடிப் பாட்டிலில் இறுக்கி மூடுங்கள், ஸ்பூன் காய்ந்திருக்க வேண்டும். மீதிச் சுக்கை முழுசாகவே வைத்திருங்கள். பச்சை இஞ்சிக்கு ஒரு மண்சட்டியில் ஆற்றுமணல் போட்டுப் புதைத்து, வாரம் ஒரு தடவை லேசாகத் தண்ணீர் தெளித்தால் ஒரு மாதம் வாடாமல் இருக்கும், சில துண்டில் முளைகூட விடும். வாசலில் கிடக்கிறதே என்று கடல் மணலை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், அதில் இருக்கும் உப்பு மூன்றே நாளில் இஞ்சியைச் சுருங்க வைத்துவிடும். நான் வைகையில் அள்ளிய பழைய மணல் ஒரு வாளி வைத்திருக்கிறேன், பன்னிரண்டு வருஷமாக அதே மணல்தான்.